டயர் கேள்வி–பதில்: பக்கச்சுவரில் இருக்கிறது பாதி பதில்

மழைக்கு முன்னால் டயரைப் பார்த்துவிடலாம் என்ற எண்ணம் பலருக்கும் வந்திருக்கிறது போல. வடசென்னையிலிருந்து வந்த டயர் கேள்விகளை மட்டும் பிரித்தெடுத்து இந்த இதழில் தருகிறோம்.

என் கார் டயரில் '185/65 ஆர்15 88எச்' என்று இருக்கிறது. மாற்றப் போனால் கடைக்காரர், '15 இஞ்ச் டிஸ்க்தானே சார், எதைப் போட்டாலும் உட்காரும்' என்கிறார். போடலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

உட்காரும், அதில் பொய்யில்லை. வண்டிக்கு ஆகுமா என்பதுதான் பார்க்க வேண்டியது. அந்த எழுத்தை இடமிருந்து வலமாகப் படியுங்கள்.

185 என்பது காற்றடித்த டயரின் அகலம், மில்லிமீட்டரில். ரோட்டில் படுகிற பட்டன் பகுதியின் அகலம் அல்ல. ஒரு பக்கச்சுவரிலிருந்து மறு பக்கச்சுவர் வரை. அடுத்து வரும் 65 மில்லிமீட்டர் கணக்கு இல்லை, சதவீதம். பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 65 சதவீதம், அதாவது சுமார் 120 மி.மீ. 'ஆர்' ரேடியல் டயர் (உள்ளே இழைகள் குறுக்குவாட்டில் ஓடும் ரகம்) என்பதைக் குறிக்கும். 15 என்பது டிஸ்க்கின், அதாவது டயர் மாட்டும் உலோகச் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றையும் ஒரே வரியில் போட்டுக் குழப்பிவைத்திருக்கிறார்கள். நாம் என்ன செய்ய?

கடைசியில் உள்ள '88எச்' பக்கம் யாரும் கண்ணைத் திருப்புவதில்லை. ஏமாறும் இடமும் அதுதான். 88 என்பது சுமைக் குறியீடு. நேரடியாக 88 கிலோ இல்லை. அட்டவணையில் 88-க்கு நேராக 560 கிலோ என்று இருக்கும். ஒரு டயர் தாங்கும் உச்ச எடை அது. 82 என்றால் 475 கிலோ, 85 என்றால் 515, 91 என்றால் 615. 'நாலு டயருக்கு 2,240 கிலோ தாங்குமே, என் சின்ன காருக்கு எதற்கு இவ்வளவு?' என்று கேட்கலாம். எடை நான்கு சக்கரத்துக்கும் சமமாக விழுவதில்லை. இன்ஜின் முன்னால் இருக்கிறது. பிரேக் மிதித்தால் பின்பக்கச் சுமையும் முன்னுக்குப் பாய்கிறது. போதாததற்கு, காற்று குறைந்த டயரால் அந்த 560 கிலோவைத் தாங்க முடியாது.

'எச்' வேகக் குறியீடு: மணிக்கு 210 கி.மீ. எஸ் 180, டி 190, வி 240. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் யார் 210-ல் போகப்போகிறார்கள் என்று தோன்றும். அந்த வேகத்தில் கிளம்பும் சூட்டை டயர் தாங்குமா என்பதற்கான சோதனை அது. சென்னை வெயிலில் சூடு தாங்கும் குணம் 80-ல் போகிறவருக்கும் வேண்டும். கம்பெனி கொடுத்ததைவிடக் குறைந்த சுமைக் குறியீடோ வேகக் குறியீடோ உள்ள டயரை, விலை எவ்வளவு சல்லிசாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

டயரிலேயே 'உச்ச அழுத்தம் 44 பி.எஸ்.ஐ.' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. பங்க்கில் 30 வைக்கிறார்கள். எது சரி?
– வாசகி, ராயபுரம்

இரண்டையும் விடுங்கள். டிரைவர் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் ஒரு ஸ்டிக்கர் தெரியும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருப்பார்கள். உங்கள் காருக்கான காற்றழுத்தம் அதில் உள்ளதுதான். முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று, ஆள் நிறைய ஏறினால் இன்னொன்று என்று பிரித்தும் போட்டிருக்கும். 44 என்பது அதற்கு மேல் ஏற்றாதே என்ற எல்லை. ஸ்டிக்கரில் 'பார்' கணக்கில் இருந்தால் 14.5-ஆல் பெருக்குங்கள்: 2.3 பார் என்றால் 33 பி.எஸ்.ஐ.

ஸ்டிக்கரில் உள்ள அளவு ஆறிய டயருக்கானது. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது இரண்டு கிலோமீட்டருக்குள் மெதுவாக ஓடியிருக்க வேண்டும். காலையில் 33 இருந்த டயர் மதியம் மாதவரம் ரவுண்டானா வரை ஓடி வந்தால் 37 காட்டும். 'காத்து ஜாஸ்தியா இருக்கு' என்று பங்க் பையன் நான்கு பி.எஸ்.ஐ.யை இறக்கிவிட்டால், மறுநாள் காலை டயர் 29-ல் நிற்கும். சூடான டயரிலிருந்து காற்றை இறக்கக் கூடாது.

பங்க் தூரமாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். சொந்தமாக ஒரு பிரஷர் கேஜ் வாங்கிக் காலையில் வீட்டு வாசலிலேயே பாருங்கள். 33 இருக்க வேண்டிய வலது முன் டயரில் 28 இருக்கிறது என்றால் குறை 5. பங்க்குக்குப் போனதும் அதே டயர் சூட்டில் 31 காட்டலாம். அதோடு அந்த 5-ஐச் சேர்த்து 36 வையுங்கள். ஆறியதும் 33-ல் வந்து நிற்கும்.

மாதம் ஒருமுறை போதும். நெடும்பயணத்துக்கு முன் ஒருமுறை. ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள். வால்வுக்கு மூடி போடுங்கள். உப்புக்காற்றும் மண்ணும் வால்வு பின்னுக்குள் போய் உட்கார்ந்தால் அதுவே ஒரு கசிவு.

நைட்ரஜன் அடிக்கலாமா?
– வாசகர், கொடுங்கையூர்

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். தனி நைட்ரஜனில் ஈரம் இருக்காது, கசிவும் கொஞ்சம் மெதுவாக இருக்கும். இலவசமாகக் கிடைத்தால் அடித்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து அடித்துவிட்டு, 'நைட்ரஜன்தானே' என்று ஆறு மாதம் கேஜ் வைத்துப் பார்க்காமல் இருப்பதுதான் கெடுதல். பாதி நைட்ரஜன் இருக்கும் டயரில் சாதாரணக் காற்றைச் சேர்த்தால் ஒன்றும் ஆகாது.

என் ஸ்விஃப்ட் 165/80 ஆர்14 டயரில் ஓடுகிறது. பார்வைக்கு மெலிசாக இருக்கிறது. 185 போடச் சொல்கிறார்கள். மகன் அலாய் வீலோடு 195/55 ஆர்16 கேட்கிறான். என்ன செய்யலாம்?
– வாசகர், பெரம்பூர்

முதலில் மொத்த விட்டத்தைக் கணக்குப் போடுங்கள். அகலத்தைச் சதவீதத்தால் பெருக்கினால் பக்கச்சுவர் உயரம். அதை இரண்டால் பெருக்கி, டிஸ்க் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கி வருவதோடு கூட்ட வேண்டும்.

உங்கள் 165/80 ஆர்14: பக்கச்சுவர் 132 மி.மீ. இருமடங்கு 264, டிஸ்க் 355.6, மொத்தம் 619.6 மி.மீ.
185/70 ஆர்14: 614.6.
185/65 ஆர்15: 621.5.
195/55 ஆர்16: 620.9.
205/65 ஆர்15: 647.5.

முதல் மூன்று மாற்றும் உங்கள் விட்டத்துக்கு ஒரு சதவீதத்துக்குள் நிற்கின்றன. கடைசியில் உள்ள 205 நான்கு சதவீதத்துக்கு மேல் பெரியது. அதைப் போட்டால் மீட்டர் 80 காட்டும்போது வண்டி 83-ஐத் தாண்டி ஓடும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் மட்கார்டு லைனிங்கில் உரசவும் வாய்ப்பு. விட்டம் இரண்டு, மூன்று சதவீதத்துக்கு மேல் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விட்டம் பொருந்திவிட்டால் போதுமா? 195/55 ஆர்16-ன் பக்கச்சுவர் 107 மி.மீ.தான். இப்போதிருக்கும் 132-ல் 25 மி.மீ. காணாமல் போகிறது. பள்ளத்தில் விழும்போது அடியை வாங்கி அமுங்கிக் கொடுப்பது அந்த உயரம்தான். கன்டெய்னர் லாரிகள் ஓடி ஓடி விளிம்பு பெயர்ந்த மணலி, எண்ணூர் ரோடுகளில் தினமும் போகிறவருக்குத் தாழ்ந்த டயர் நல்ல தேர்வில்லை. டயரில் வீக்கம் வரும், அலாய் விளிம்பு நெளியும்.

பழைய டிஸ்க்கிலேயே போடுவதென்றால் 185/70 ஆர்14 சரிப்படும். டிஸ்க்கின் உள்பக்கம் '5ஜே×14' என்பதுபோல அச்சிட்டிருக்கும். 5 என்பது டிஸ்க்கின் அகலம், அங்குலத்தில். வாங்கப்போகும் டயருக்கு அந்த அகலம் அனுமதிக்கப்பட்டதா என்று டயர் கம்பெனி அட்டவணையில் பார்த்துவிடுங்கள். அகலம் கூடினால் பிடிமானம் கொஞ்சம் கூடும். மைலேஜ் கொஞ்சம் குறையும். தேங்கிய தண்ணீரில் வேகமாகப் போனால் அகலமான டயர் சீக்கிரம் மிதக்கும் என்பதையும் மகனிடம் சொல்லிவையுங்கள்.

மணலி பக்கம் வேலை. அடிக்கடி ஆணி ஏறுகிறது, அதுவும் பின் டயரில்தான். ரோட்டோரக் கடையில் ஸ்ட்ரிப் போட்டுப் போட்டு ஒரே டயரில் நான்கு ஆகிவிட்டது.
– வாசகர், சாத்தாங்காடு

படுத்துக்கிடக்கும் ஆணியை முன் டயர் தட்டி நிமிர்த்திவிடுகிறது, பின்னால் வரும் டயர் வாங்கிக்கொள்கிறது. லாரிகளிலிருந்து விழும் ஆணி, கம்பித் துண்டெல்லாம் ரோட்டு ஓரத்தில்தான் ஒதுங்கிச் சேரும். ஓரத்தில் ஒட்டி ஓட்டுவதைக் குறைத்தாலே பஞ்சர் குறையும்.

ட்யூப்லெஸ் டயரில் ஆணி தெரிந்தால் பிடுங்காதீர்கள். ஆணியே அடைப்பாக நிற்கும். காற்றைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கடைக்குப் போய்விடலாம். ஸ்ட்ரிப் (ஓட்டையில் திணிக்கும் ரப்பர் பட்டை) போடும்போது ஓட்டையை ரம்பம் போன்ற ஊசியால் குடைகிறார்கள். குடைகிற வேகத்தில் உள்ளே இருக்கும் கம்பி இழைகள் அறுபடும். ஸ்ட்ரிப் ஓரமாகத் தண்ணீர் இறங்கினால் அந்தக் கம்பி துருப்பிடிக்கும். அவசரத்துக்கு ஸ்ட்ரிப் சரி. நிரந்தரம் என்றால் டயரைக் கழற்றி உள்பக்கத்திலிருந்து போடும் மஷ்ரூம் பேட்ச்தான். அதன் தண்டு ஓட்டையை அடைக்கும், குடை உள்சுவரில் ஒட்டும். பட்டன் பகுதியில், 6 மி.மீ.க்கு உட்பட்ட ஓட்டைக்கு மட்டுமே அது. பட்டனும் பக்கச்சுவரும் சேரும் தோள் பகுதியிலோ பக்கச்சுவரிலோ ஓட்டை என்றால் எந்த ஒட்டும் நிற்காது.

நான்கு ஸ்ட்ரிப் வாங்கிய உங்கள் டயரை ஒருமுறை கழற்றச் சொல்லி உள்ளே கையை விட்டுப் பாருங்கள். கரித்தூள் போலக் கறுப்புப் பொடி கையில் ஒட்டினாலோ, உள்சுவரில் சுற்றிலும் வளையமாகச் சுருக்கம் இருந்தாலோ, காற்றில்லாமல் ஓட்டிய டயர் அது. வெளியே பார்க்கப் புதுசு போலவே இருக்கும். ஹைவேயில் வெடிக்கிற ரகம்.

ஆணியே இல்லாமல் வாரம் மூன்று, நான்கு பி.எஸ்.ஐ. இறங்கினால் சோப்புத் தண்ணீரை வால்வு மேலும், டயரும் டிஸ்க்கும் சேரும் விளிம்பிலும் ஊற்றுங்கள். காசிமேடு, திருவொற்றியூர்க் கடலோரத்தில் நிற்கும் வண்டிகளில் டிஸ்க் விளிம்பில் துரு ஏறி அங்கேதான் நுரை கிளம்பும். டயரைக் கழற்றி, துருவைத் தேய்த்தெடுத்து, ரப்பர் வால்வையும் மாற்றிவிட்டால் தீரும்.

செகண்ட் ஹேண்ட் டயர் வாங்கலாமா? வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், வியாசர்பாடி

பக்கச்சுவரில் சின்ன நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். '2319' என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம், அதாவது ஜூன். வெளிப்பக்கம் காணோமென்றால் உள்பக்கச் சுவரில் தேடுங்கள். பல டயர்களில் ஒரு பக்கம்தான் அச்சிடுகிறார்கள். புது டயர் வாங்கும்போதும் இதைப் பார்த்தே வாங்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 'ஐ.எஸ். 15633' என்ற எண்ணும் கார் டயருக்கு இருக்க வேண்டும்.

பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஐந்து வருடம் தாண்டிய டயரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். பத்து வருடமானால் ஸ்டெப்னியாகக்கூட வேண்டாம். பட்டன் பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சின்ன மேடு குறுக்கே ஓடும், பக்கச்சுவரில் 'டி.டபிள்யூ.ஐ.' அல்லது சின்ன முக்கோணம் அதற்கு நேராகக் காட்டும். அந்த மேட்டின் உயரம் 1.6 மி.மீ. பட்டன் தேய்ந்து அதோடு சமமாகிவிட்டால் அது மொட்டை டயர், சட்டப்படியும்தான். புதிதில் ஏழு, எட்டு மி.மீ. இருக்கும். மழைக்காலத்துக்கு 3 மி.மீ.க்குக் கீழே போகவிடாமல் மாற்றுவது உத்தமம்.

செகண்ட் ஹேண்டில் இன்னொரு வேலை நடக்கிறது. தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தியால் பள்ளத்தை ஆழமாக வெட்டி, பாலிஷ் போட்டு அடுக்குவார்கள். பள்ளத்துக்குள் அந்த 1.6 மி.மீ. மேடு எங்குமே இல்லையென்றாலோ, அடியில் துணியோ கம்பியோ தெரிந்தாலோ, கையில் எடுக்காமல் வந்துவிடுங்கள்.

லாரி டயர் மாதிரி கார் டயரை ரீபட்டன் போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

வேண்டாம். லாரி டயரின் உள்கூடு, ரீபட்டன் போட்டு, அதாவது தேய்ந்த பட்டன் மேல் புது ரப்பர் ஒட்டி, மறுபடி ஓட்டுவதற்கென்றே கனமாகக் கட்டப்படுகிறது. கார் டயர் அப்படியில்லை. உங்கள் ஊரிலிருந்து வந்த கேள்வி என்பதால் ஒரு சேதி: 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., டயருக்கு வருமுன் 1952-ல் இறங்கியது இந்த ரீபட்டன் ரப்பர் தொழிலில்தான்.

முன் டயர் இரண்டும் உள்ஓரம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்துவிட்டது. ஒரே வருடத்தில் மூன்று தடவை அலைன்மென்ட் செய்தும் பயனில்லை.
– வாசகர், மாதவரம்

நான்காவது தடவை காசைக் கொட்டாதீர்கள். லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராடு எண்டு என்ற முன்சக்கர மூட்டுகளில் ஏதோ ஒன்று ஆடுகிறது. ஆடுகிற மூட்டோடு கம்ப்யூட்டரில் சக்கரக் கோணம் சரிசெய்தால், கடையைத் தாண்டிய முதல் பள்ளத்திலேயே கோணம் மாறிவிடும். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஒருமுறை, இடமும் வலமும் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 'லொட லொட' என்றால் முதலில் அது மாற வேண்டும். பிறகு நான்கு டயரிலும் சரியான காற்று வைத்து, அதன் பின் அலைன்மென்ட். சரிசெய்வதற்கு முந்தைய, பிந்தைய அளவுகள் இரண்டும் உள்ள பிரின்ட் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தேய்மானத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. நடுவில் மட்டும் என்றால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட் அல்லது தேய்ந்த மூட்டு. குழி குழியாக விட்டுவிட்டுத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது, இல்லை பேலன்சிங் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருப்பது) சரியில்லை. 80-லிருந்து 100-க்குள் ஸ்டியரிங் நடுங்கினால் அலைன்மென்ட் செய்து பயனில்லை, பேலன்சிங்தான்.

டயர்களை முன்னும் பின்னுமாக இடம் மாற்றுவது 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை. முன்சக்கரம் இழுக்கும் கார்களில் முன் டயர்கள் அதே பக்கம் நேராகப் பின்னுக்குப் போகும்; பின் டயர்கள் குறுக்கே மாறி முன்னுக்கு வரும். பக்கச்சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் பக்கம் மாறக் கூடாது, முன்னும் பின்னும் மட்டும் மாறலாம். இரண்டே இரண்டு புது டயர் வாங்கினால் அவற்றைப் பின்னால் போடுங்கள். கடையில் முன்னால்தான் போடச் சொல்வார்கள். ஆனால் ஈர ரோட்டில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், சாதாரண டிரைவரால் பிடிக்க முடியாது.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணெய் கலந்த தண்ணீரில் எங்கள் கார் நின்றது. மறுபடி அப்படி ஆனால் டயரை என்ன செய்வது?
– வாசகி, எண்ணூர்

பெட்ரோலிய எண்ணெய் ரப்பருக்குள் ஊறி அதை உப்பவைக்கும், மென்மையாக்கும். தண்ணீர் வடிந்ததும் பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும் வைத்து, டயரின் உள்பக்கச் சுவரையும் சேர்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். எண்ணெயை எண்ணெயால் எடுக்கிறேன் என்று மண்ணெண்ணெய், டீசல் பக்கம் போகாதீர்கள். காய்ந்த பிறகு பிசுபிசுப்பு போகாவிட்டாலோ, நகத்தால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றாலோ, ரப்பர் உப்பியிருந்தாலோ டயரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

பிரேக் பேடில் எண்ணெய் ஊறினால் பிரேக் பிடிக்காது. ஆகவே கழற்றிப் பார்க்காமல் ரோட்டில் இறக்கக் கூடாது. ஓடும்போது 'ஊங்' என்ற சத்தம் வேகத்தோடு கூடினால் வீல் பேரிங்கில் தண்ணீர் புகுந்திருக்கிறது. டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழே உள்ள பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும், பலரும் மறந்துவிடும் இடம். ரப்பர் அடைப்பானைப் பிடுங்கி வடித்துவிடுங்கள்.

காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றும் மினி டிரக். '145 ஆர்12 எல்டி 8பிஆர்' டயர் விலை அதிகம். அதே 12 இஞ்ச் கார் டயர் 145/80 ஆர்12 மலிவாக இருக்கிறதே?
– வாசகர், காசிமேடு

அளவு ஒன்றுபோலவே இருக்கும், கூடு வேறு. எல்டி என்பது சரக்கு வண்டி ரகம். 8பிஆர் என்றால் எட்டு அடுக்கு துணிக்குச் சமமான பலம்; உள்ளே எண்ணினால் எட்டு இருக்காது. 145/80 ஆர்12 கார் டயரின் சுமைக் குறியீடு 74, அதாவது 375 கிலோ. ஐஸும் மீனுமாகப் பெட்டி அடுக்கினால் பின் அச்சில் விழும் எடைக்கு அது காணாது. சரக்கு டயருக்குக் காற்றழுத்தமும் அதிகம். அந்த அளவைக் கார் டயரில் ஏற்றவும் முடியாது.

காரில் 15 இஞ்ச் அலாய், ஸ்டெப்னி மட்டும் 14 இஞ்ச் இரும்பு. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகி, புதுவண்ணாரப்பேட்டை

இல்லை. 185/65 ஆர்15-க்கு 165/80 ஆர்14 ஸ்டெப்னி கொடுப்பது வழக்கம். மேலே போட்ட கணக்குப்படி விட்டம் இரண்டு மி.மீ. கூட மாறாது. அதன் மேல் 80 கி.மீ. ஸ்டிக்கர் இருந்தால் அந்த வேகத்துக்கு மேல் போகாமல், பஞ்சர் ஒட்டியதும் மாற்றிவிடுங்கள். மாட்டும்போது வீல் நட்டுகளை வரிசையாக முறுக்காமல், ஒன்று விட்டு எதிரெதிராக முறுக்க வேண்டும். கடையில் ஏர் கன்னால் 'டர்ர்' என்று முறுக்கிவிட்டால் ரோட்டில் உங்கள் ஸ்பேனருக்கு அசையாது. கடைசி முறுக்கைக் கையால், டார்க் ரெஞ்ச் வைத்து, கார் கையேட்டில் உள்ள அளவுக்குப் போடச் சொல்லுங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் ஒருமுறை மறுபடி இறுக்கம் பாருங்கள்.